அவள் இடது என்றாள்

சுனாமி வருவதற்குப் பதினோரு மாதம் முந்தைய தை மாதம் அது. பொங்கல் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செங்கல்பட்டில் ஏரியை ஒட்டிய ஒரு பள்ளி மைதானத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. அவற்றில் நிறம் வெளிறிய பழைய மாருதி என்னுடையது. நான் அப்போது கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டவுன்ஷிப்பில்தான் வீடு. கார் ஓட்டக் கற்றுக்கொண்டு சில வருடங்கள் ஆகியிருந்தன.

எங்கள் அலுவலக நண்பர் ஒருவர் சென்னையில் ஒரு கார் க்ளப்பில் உறுப்பினர். அவர் மூலமாகத்தான் இந்த ரேலிகள் எனக்குப் பழக்கமாயின. ரேலி என்றதும் பந்தயம் போலப் பறப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இது வேறு. சாதாரண சாலையில், லாரிக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவில், சாதாரண வேகத்தில்தான் போகவேண்டும். காரில் ஓட்டுபவர் ஒருவர், பக்கத்தில் வழி சொல்பவர் ஒருவர். புறப்படும்போது ஒரு தாள் கட்டைக் கொடுப்பார்கள். இத்தனை கிலோமீட்டரில் வலது, பாலம் தாண்டி இடது, இதுவரை இந்த வேகம் என்று அதில் இருக்கும். ஊர்ப் பெயர் எதுவும் இருக்காது. வழியில் எங்கேயாவது மரத்தடியில் க்ளப் ஆட்கள் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் தாமதமாக வந்தாலும் மார்க் குறையும், சீக்கிரம் வந்தாலும் குறையும். வழி தவறினால் கேட்கவே வேண்டாம். நான் அதற்கு முன் சில முறை கலந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் பட்டியலின் நடுவில் எங்கோ வந்திருந்தேன்.

அன்றைய ரேலி கொஞ்சம் வித்தியாசமானது. வழி சொல்பவர்கள் எல்லோரும் பார்வையற்றவர்கள். தாள்கள் பிரெய்லில் இருக்கும், அவர்கள் விரலால் தடவிப் படித்து எங்களுக்குச் சொல்வார்கள். அவர்களுக்குச் சாலை தெரியாது, எங்களுக்குத் தாள் புரியாது. நல்ல காரியம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் போகட்டும் என்றுதான் நான் பெயர் கொடுத்தேன். அதைத் தாண்டிப் பெரிதாக எதையும் யோசிக்கவில்லை.

குலுக்கலில் எனக்கு ஜோடியாக வந்தவள் இருபத்தைந்து வயதுப் பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. செங்கல்பட்டிலேயே ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். தலையில் துப்பட்டா, காலில் புதுச் செருப்பு. அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவர் அவள் அண்ணன். மார்க்கெட்டில் பாத்திரக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். அவள் காரில் ஏறியதும் என்னைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டார்.

“மேடம், ஜன்னலைத் தொறந்தே வைங்க, அவளுக்குக் காத்து வேணும். வழி தெரியலைன்னா அவளைக் கேட்டுகினு நிக்காதீங்க. முன்னாடி போற வண்டி பின்னாடியே போயிடுங்க. ஜெயிக்கல்லாம் வேணாம், பத்திரமா இட்டுகினு வந்தா போதும். நான் பஸ் புடிச்சு மகாபலிபுரம் வந்துடறேன்.”

மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. ஆனால் நான் காரில் உட்கார்ந்து கதவைச் சாத்துவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

“அண்ணன் இன்னா சொல்ச்சு? முன்னாடி வண்டி பின்னாடியே போகச் சொல்ச்சா?”

எனக்குச் சிரிப்பு வந்தது.

“அக்கா, அப்பிடிப் போறதா இருந்தா சொல்லிடுங்க. நான் இப்பவே எறங்கிக்கிறேன். எனக்கு இங்க இன்னா வேலை?”

“நீ சொல்றபடிதான் ஓட்டுவேன்,” என்றேன். ஏதோ ஒரு சமாதானத்துக்குச் சொன்னதுதான். ஆனால் அவள் அதை ஒரு ஒப்பந்தம் போல எடுத்துக்கொண்டு தலையாட்டினாள்.

எங்கள் முறை வந்து கொடி அசைத்ததும் புறப்பட்டோம். தாள் கட்டு அவள் மடியில் இருந்தது. ஒரு கை விரல்கள் புள்ளிகள் மேல் ஊர்ந்துகொண்டே இருந்தன. “மீட்டர் எவ்ளோ?” என்று கேட்பாள், நான் சொல்வேன், அவள் மனசுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு “இன்னும் கொஞ்சம் போங்க” என்பாள். வேகம் கூடினால் எஞ்சின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, “மெதுவா, மெதுவா” என்றாள். ஊரைத் தாண்டி வயல் பக்கம் வந்ததும் கொஞ்சம் பேச்சு வந்தது.

சென்னையில் ஒரு வங்கியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பெண்கள் ஹாஸ்டலில் தங்கவேண்டும். அண்ணன் விடவில்லை. தினம் காலையில் தொழிற்சாலை வாசல் வரை கொண்டுவிட்டு, சாயங்காலம் வந்து அழைத்துப் போகிறவர் அவர். தனியாகச் சென்னையில் எப்படி என்று வீட்டில் இரண்டு வாரமாக ஒரே பேச்சு.

“இன்னிக்கு நல்லபடியா போய்ட்டு வா, அப்பறம் பாக்கலாம்னு அண்ணன் சொல்லிகீது. இதான் எனக்குப் பரீட்சை,” என்றாள். சொல்லிவிட்டு உடனே, “மீட்டர் எவ்ளோ?” என்று கேட்டாள்.

ஓர் ஏரிக்கரை வந்தது. முன்னால் போன கார்கள் எல்லாம் கரையோரமாக நேரே போய்க்கொண்டிருந்தன. புழுதி அடங்கவே இல்லை. இவள் மீட்டரை இரண்டு தடவை கேட்டுவிட்டு, வலது பக்கம் ஒரு சின்னப் பாதை இருக்கும், அதில் திரும்புங்கள் என்றாள். இருந்தது. வண்டி போகுமா என்று சந்தேகம் வருகிற மாதிரி ஒரு பாதை. எல்லோரும் நேரே போகிறார்களே என்று வாய் வரை வந்தது. ஆனாலும் திரும்பினேன். வேலிகாத்தான் முள் காரின் இரண்டு பக்கமும் கீறியது. அந்தப் பாதை முடிகிற இடத்தில் ஒரு புளியமரத்தடியில் க்ளப் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு முன் புறப்பட்ட கார்களில் பாதிக்கு மேல் அங்கே இன்னும் வரவில்லை. ஒருவர் பின்னால் ஒருவராகப் போய் அவர்கள் வழி தவறிவிட்டார்கள். அவள் டாஷ்போர்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான். ஆனால் எனக்கு அதற்குப் பிறகு அவள் மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது. முதல் முறையாக நான் ஜெயிக்க ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டோம். பேண்டு வாத்தியம், குதிரை, எதிரே பஸ். நகரவே முடியவில்லை. வெளியே வந்தபோது நாங்கள் நன்றாகப் பின்தங்கியிருந்தோம். இப்போது அவளும் அவசரப்பட்டாள், நானும் அவசரப்பட்டேன். அவள் தாள்களைச் சரசரவென்று புரட்டுவது எனக்குக் கேட்டது.

கடற்கரைச் சாலையை நெருங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பாதை இரண்டாகப் பிரிந்தது. எனக்கு முன்னால் இரண்டு கார்கள். இரண்டும் ரேலி கார்கள்தான், கதவில் எண் ஒட்டியிருந்தது. இரண்டுமே வலது பக்கம் திரும்பின.

“பாதை பிரியுதா?” என்றாள்.

“ஆமாம்.”

“இடது.”

“இடதுதானே?”

“இடதுதான்க்கா. போங்க, போங்க.”

நான் ஒரு நொடி பிரேக்கில் கால் வைத்தேன். முன்னால் போன கார்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தன. காலையில் நடந்ததும் நினைவில் இருந்தது. இடது பக்கம் திரும்பினேன்.

தாளில் அடுத்தடுத்து அவள் படித்ததெல்லாம் ஏறக்குறையப் பொருந்தி வந்ததுதான் வேடிக்கை. தார்ச்சாலை குறுக்கே வரும் என்றாள், வந்தது. நேரே கடந்து போகவேண்டும் என்றாள், கடந்தோம். தோப்பு வந்ததும் வலது என்றாள். அந்தக் கடற்கரையில் எங்கே திரும்பினாலும் சவுக்குத் தோப்புதான். வலது பக்கம் திரும்பினோம். அடுத்து ஒரு மதில் சுவர் வரவேண்டும். வரவில்லை. பாதை குறுகிக்கொண்டே போனது. தரை வெள்ளையாக மாறியது. ஸ்டியரிங் கையில் வழுக்குவது போல இருந்தது. பின்வாங்கிவிடலாம் என்று நான் நினைப்பதற்குள் முன்சக்கரம் இரண்டும் மணலில் புதைந்து வண்டி நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்னும் புதைந்தது.

எஞ்சினை நிறுத்தியதும் அலைச் சத்தம் கேட்டது. என் செல்போனில் சிக்னல் இல்லை. சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லை.

“கடல் கிட்ட கீதே,” என்றாள் அவள். “தாள்ல கடலே இல்லியேக்கா.”

நான் இறங்கிப் போய்ச் சக்கரத்தைச் சுற்றி மணலைக் கையால் தள்ளிப் பார்த்தேன். காரின் கால்மிதிகளை எடுத்து சக்கரத்துக்கு அடியில் செருகினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் காரைத் தடவிக்கொண்டே முன்பக்கம் வந்து நின்றிருந்தாள். நீ உள்ளே உட்கார் என்றேன். “உள்ள குந்திகினு இருந்தா வெயிட்டுதானே?” என்றாள். சரியான பேச்சுதான். நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து ரிவர்ஸ் போட, அவள் பானெட்டில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். வண்டி ஓர் அடி நகர்ந்து மறுபடியும் பள்ளத்தில் இறங்கியது. அவள் மணலில் குப்புற விழுந்தாள். நான் பதறிக்கொண்டு இறங்கி ஓடினேன். வாயிலும் துப்பட்டாவிலும் மணல், ஒரு செருப்பைக் காணவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்து துப்பிவிட்டு, “இன்னொரு வாட்டி பாக்கலாம்,” என்றாள்.

இன்னும் இரண்டு மூன்று முறை பார்த்தோம். நடக்கவில்லை. அவள் அண்ணனின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தபடியே இருந்தது. இவள் கையையோ காலையோ உடைத்துக்கொண்டால் நான் என்ன பதில் சொல்வேன்? அந்தத் தோப்பில் நின்றிருந்தபோதுதான், ஏன்டா வந்தோம் என்று முதல் முறை தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து, தோப்புக்குள் சவுக்கு வெட்டுகிற ஆட்கள் நாலு பேர் எங்கள் சத்தம் கேட்டு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் முதலில் காரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இன்னாம்மா நீ, கண்ணு தெரியாத பொண்ண இட்டுகினு இங்க வந்து இன்னா பண்ணிகினு கீற?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: “நான்தாண்ணே இவங்கள இட்டுகினு வந்தேன்.”

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க நேரமும் இல்லை. நால்வரும் சேர்ந்து தூக்கினார்கள், அவளும் ஒரு ஓரத்தில் கையைக் கொடுத்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. வண்டி கெட்டியான தரைக்கு வந்தது.

கடற்கரைச் சாலைக்குத் திரும்பியதும் ஓரமாக ஒரு நிழலில் நிறுத்தச் சொன்னாள். தாள் கட்டை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. ஒட்டியிருந்த இரண்டு தாள்களைப் பிரித்தாள். நடுவில் இருந்ததை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள்.

“பாதை பிரியற எடத்துல வலதுன்னு கீது,” என்றாள். “ரெண்டு தாளை ஒண்ணா பொரட்டிட்டேன்.”

நான் பரவாயில்லை என்று சொல்ல வந்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

“அக்கா, அங்க மத்த வண்டிங்க எந்தப் பக்கம் போச்சு? பாத்தீங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். எதற்கென்று தோன்றியது. “பார்த்தேன். வலது பக்கம்தான் போச்சு,” என்றேன்.

“அப்பறம் ஏன் இடது பக்கம் வந்தீங்க?”

“நீ இடதுன்னு சொன்னியே.”

அவள் அந்த இரண்டு தாள்களின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். அழப்போகிறாளோ என்று பயந்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

“எங்க வூட்ல ஒரு நாள் டீயில சக்கரைக்கு பதிலா உப்பு போட்டுட்டேன்க்கா. ஒருத்தரும் சொல்லல. நல்லா கீதுன்னு சொல்லிட்டு எல்லாரும் கொல்லையில போய் ஊத்திட்டாங்க. ஊத்தற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நான் இன்னா பண்ணாலும் அப்பிடித்தான். எனக்குத் தெரியாமயே சரி பண்ணிடுவாங்க.” தாள் கட்டை மடியில் தட்டிச் சேர்த்தாள். “நான் தப்பு பண்ணி இன்னொருத்தர் மாட்டிகினது இதான் மொத வாட்டி.”

அவள் குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தம் மட்டும்தான் என்று என்னால் சொல்ல முடியாது.

மகாபலிபுரத்தில் கடற்கரையோர விடுதி ஒன்றில்தான் முடிவிடம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைத் தேடி ஒரு ஜீப்பை அனுப்பியிருந்தார்களாம். மார்க் போடும் மேஜை முன் உட்கார்ந்திருந்த க்ளப் பெரியவர் எங்களைப் பார்த்ததும் நிம்மதியாக மூச்சு விட்டார். நல்ல மனிதர். பாதைக் குறிப்பில் ஏதோ குழப்பம் என்று போட்டுக்கொள்கிறேன், மார்க்கைக் குறைக்கவேண்டாம் என்றார்.

“குழப்பம் எல்லாம் இல்ல சார்,” என்றாள் அவள். “குறிப்பு சரியாதான் கீது. நான் தப்பா படிச்சேன். மார்க்கைக் கொறைங்க.”

அவர் என்னைப் பார்த்தார். குறையுங்கள் என்று நானும் சொன்னேன்.

அதற்குள் அவள் அண்ணன் ஓடிவந்துவிட்டார். கூட்டத்தில் அங்குமிங்கும் தேடி அலைந்திருக்கிறார், சட்டையெல்லாம் வியர்வை. தங்கையின் தலையையும் உடையையும் செருப்பில்லாத காலையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏன் மேடம், உங்கள நம்பித்தானே அனுப்பினேன்? முன்னாடி வண்டி பின்னாடியே போங்கன்னு சொன்னேனா இல்லியா?”

“அண்ணா, அவங்கள இன்னாத்துக்குக் கேக்கற?” என்றாள் அவள். “நான்தான் ரெண்டு தாளை ஒண்ணா பொரட்டி தப்பா வழி சொன்னேன். வண்டி மணல்ல மாட்டிகிச்சு.”

அவர் முகம் உடனே மாறிவிட்டது. “சரி விடும்மா. பரவால்ல. நீ இன்னா பண்ணுவ பாவம்.”

“பரவால்லன்னு சொல்லாத.” அவள் குரல் உயர்ந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அவங்க வண்டியே பாழாப் போயிருக்கும். வெயில்ல நின்னு மணல் வாரினாங்க. உன் புள்ள இத பண்ணியிருந்தா சும்மா வுடுவியா? என்னையும் கேளு. திட்டு.”

அவர் என்னைப் பார்த்தார், க்ளப் பெரியவரைப் பார்த்தார். பிறகு சட்டென்று ஆரம்பித்தார்.

“அறிவு கீதா உனக்கு? இன்னா அவசரம்? ரெண்டு தாள் சேந்து வந்தா கையில தெரியாது? பாங்கு வேலைக்குப் போறேன்னு சொல்ற, அங்க போயும் இப்பிடித்தான் பொரட்டுவியா? இங்க ஒருத்தன் உயிர கையில புடிச்சுகினு…” அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

அவள் தலையைக் குனிந்தபடி அத்தனையையும் கேட்டுக்கொண்டாள். கண்ணில் நீர் இருந்தது. அவர் பேசி முடித்ததும், “இனிமே ஒண்ணொண்ணா பொரட்டறேன்,” என்றாள். பிறகு மூன்று பேரும் சாப்பிடப் போனோம். பிரியாணி ஆறிப்போயிருந்தது. அண்ணன் தன் தட்டில் இருந்த முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் திருப்பி வைக்கவில்லை.

முடிவுப் பட்டியலில் நாங்கள் கடைசிக்கு முந்தின இடம். கடைசி ஜோடி பாதியிலேயே வண்டி நின்றுபோய்த் திரும்பியவர்கள். அவள் அந்தப் பட்டியலை என்னை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் என் அலுவலகத்துக்குப் போன் வந்தது. சென்னை ஹாஸ்டலில் இருந்து பேசுவதாகச் சொன்னாள். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அண்ணனே வந்து பெட்டியை வைத்துவிட்டுப் போனாராம். மின்சார ரயிலில் ஒரு நாள் ஸ்டேஷன் மாறி இறங்கிவிட்டு, வழி கேட்டு, அடுத்த ரயில் பிடித்து, வங்கிக்குத் தாமதமாகப் போய் மேனேஜரிடம் திட்டு வாங்கினாளாம். அதை அவள் சொன்ன விதத்தைக் கேட்டால், ஏதோ பரிசு வாங்கியதைச் சொல்வது போல இருந்தது. அதன் பிறகு ஒன்றிரண்டு முறை பேசினோம். பிறகு எனக்கு மாற்றல் வந்தது, தொடர்பு விட்டுப்போயிற்று.

அதற்கு அப்புறமும் நான் சில ரேலிகளுக்குப் போனேன். ஒரு தடவை மூன்றாவது பரிசுகூட வந்தது. அந்தக் கோப்பை இப்போது எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஆனால் என் எதிரில் யாராவது தவறான பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று தோன்றினால், பிடித்து இழுக்கக் கையை நீட்டுவதற்கு முன்னால் இன்றைக்கும் ஒரு கணம் நின்று யோசிக்கிறேன்: அந்தத் தவறு அவர்களுக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று எனக்கென்ன தெரியும்?